நாயைத் தோட்டத்துல ஒரே இடத்துல ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் போகப் பழக்கறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாய் வளக்கறவங்க யார்கிட்ட பேசினாலும் பேச்சு கடைசில இங்க தான் வந்து நிக்குது. தோட்டம் பூரா போய் வைக்குது, காலை எங்க வைக்கறதுன்னே தெரியல, ஒரே மூலைல போக வைக்க முடியாதான்னு. முடியும், எந்த நாயா இருந்தாலும் முடியும், ஆனா கொஞ்ச நாள் நீங்க கூடவே வெளில போய் நிக்கணும். அந்த ஒரு விஷயத்தைத் தான் நிறைய பேர் விட்டுடறாங்க. கேட்டவங்க கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கேன். ஒரு தடவை சொன்னதைத் திரும்பச் சொல்லல, அதனால முதல் தடவை மேலேர்ந்து வரிசையா படிச்சிடுங்க.

நாய்க்கு நிஜமாவே "இந்த இடம் மட்டும் தான்"னு புரியுமா, இல்ல நாம தான் ஆசைப்படறோமா?

நல்லாவே புரியும். குட்டி பொறந்து முதல் 2, 3 வாரம் அம்மா நக்கி விட்டா தான் அதுக்கு ஒண்ணுக்கே வரும். அப்புறம் தட்டுத் தடுமாறி நடக்க ஆரம்பிச்ச உடனே படுக்கற இடத்தை விட்டுத் தள்ளிப் போய் தான் போகும், இதை யாரும் அதுக்குச் சொல்லித் தர்றதில்ல. 8, 9 வாரம் ஆகறப்போ கால்ல படற தரையை வச்சே "இது போற இடம்"னு ஒரு பழக்கம் படிய ஆரம்பிச்சிடும். புல்லுல பழகின குட்டி புல்லைத் தேடும், பேப்பர்ல பழகின குட்டி தரைல கிடக்கற பேப்பரைப் பாத்தா போய் உக்காந்துடும்.

ஆக அதுக்கு ரெண்டு அடையாளம் தான் முக்கியம், உள்ளங்காலுக்குத் தெரியற தரையும் மூக்குக்குத் தெரியற வாசனையும். இந்த ரெண்டையும் ஒரே இடத்துல சேத்து வச்சு, அங்க போனா நல்லது நடக்குதுன்னு காட்டிட்டீங்கன்னா பாதி வேலை முடிஞ்சுது.

எந்த இடத்தைக் குடுக்கறது? ஒரு மூலை தான் காலியா இருக்கு.

மூலை நல்ல இடம் தான், ஆனா நீங்க வழக்கமா வெளில வர்ற கதவுலேர்ந்து நேரா போற மாதிரி இருக்கணும். சுத்தி வளைச்சுப் போகணும்னா அவசரத்துல இருக்கற குட்டி வழிலயே முடிச்சிடும். அது சாப்பிடற இடம், படுக்கற இடம் ரெண்டுலேர்ந்தும் தள்ளி இருக்கணும். கிணறு, காய்கறிப் பாத்தி, குழந்தைங்க விளையாடற மண்ணு, இது பக்கத்துல எல்லாம் வேண்டாம், ஏன்னு கீழ சுத்தம் பத்தின கேள்வில சொல்றேன். தண்ணி தேங்காத இடமா, ராத்திரி கொஞ்சம் வெளிச்சம் விழற இடமா பாத்துக்கோங்க. ஆளுங்க போற வர்ற கேட்டுக்குப் பக்கத்துல வச்சா நாய்க்கு நிம்மதியா உக்கார வராது, யார் வர்றாங்கன்னு பாத்துக்கிட்டே இருக்கும்.

அளவுல கஞ்சத்தனம் வேண்டாம். சின்ன நாய்க்கு 4 அடிக்கு 4 அடி, பெரிய நாய்க்கு 6 அடிக்கு 8 அடி இருந்தா நல்லது. போறதுக்கு முன்னாடி மோந்து பாத்து ரெண்டு சுத்து சுத்தும் இல்லையா, அதுக்கு இடம் வேணும்.

தரை என்னவா இருக்கணும், புல்லா மணலா ஜல்லியா?

முதல்ல உங்க நாய் இப்போ எங்க போகுதுன்னு கவனிங்க. எப்பவும் புல்லைத் தேடிப் போற நாய்க்கு ஜல்லியைப் போட்டு வச்சுட்டு இங்க தான் போகணும்னா ரெண்டு பேருக்கும் கஷ்டம். குட்டியா இருந்தா உங்க இஷ்டம் தான், மணல், புல், உருண்டையா வழவழன்னு இருக்கற சின்ன கூழாங்கல், மரப்பட்டைத் துண்டு எதுவும் சரி. சுத்தி இருக்கற தரையும் இதுவும் வேற வேறன்னு கால் வச்ச உடனே தெரியணும், அது போதும். ஓரத்துல ஒரு வரிசை செங்கல் பதிச்சா இன்னும் தெளிவா இருக்கும்.

கூர்மையான ஜல்லி வேண்டாம், பாதம் வலிச்சா அந்தப் பக்கமே வராது. வெறும் சிமெண்ட் தரைல கால்ல தெறிக்கும், வெயில்ல சுடும், ரெண்டுமே நாய்க்குப் பிடிக்காது. இன்னொண்ணு, தோட்டத்து மண்ணு மேல பரப்பற கொக்கோக் கொட்டையோட ஓடு மட்டும் வேண்டவே வேண்டாம், சாக்லேட்ல இருக்கற அதே தியோப்ரோமின் அதுலயும் இருக்கு, நாய் தின்னா விஷம்.

எத்தனை மாசத்துல ஆரம்பிக்கலாம்?

வீட்டுக்கு வந்த அன்னிக்கே. கார்லேர்ந்து இறக்கினதும் வீட்டுக்குள்ள போகாம நேரா அந்த இடத்துக்குத் தூக்கிட்டுப் போங்க. ஆனா குட்டிகிட்ட கன்ட்ரோலை எதிர்பாக்காதீங்க, அதோட மூத்திரப்பை அவ்வளவு தான் தாங்கும். பொதுவா ஒரு கணக்கு சொல்வாங்க, எத்தனை மாசமோ அதோட ஒண்ணு சேத்தா அத்தனை மணி நேரம். அதாவது 2 மாசக் குட்டி 3 மணி நேரம். அது கூட அதிகபட்சம் தான், முழிச்சு ஓடி ஆடற நேரத்துல அதுல பாதி கூட தாங்காது, சின்ன ஜாதி நாய் இன்னும் கம்மி. ஓரளவு நம்பி விடலாம்ங்கற நிலைமை 5, 6 மாசத்துல தான் வரும்.

சரி, முதல் நாள் என்ன பண்ணணும்? ஒண்ணொண்ணா சொல்லுங்க.

லீஷ் மாட்டுங்க. காம்பவுண்டுக்குள்ள தானே, லீஷ் எதுக்குன்னு நினைக்காதீங்க, அது இல்லாம இந்த வேலை நடக்காது. தினமும் அதே கதவு, அதே வழி, அதே இடம். வழில மோந்து பாக்க நிக்க விடாம, இழுக்காம, நீங்க வேகமா நடங்க, அது கூடவே வரும். இடத்துக்குப் போனதும் அசையாம நில்லுங்க. பேச வேண்டாம், போன் நோண்ட வேண்டாம், நாயையே உத்துப் பாக்கவும் வேண்டாம். லீஷ் எட்டற தூரம் மட்டும் அது சுத்தட்டும்.

நாய் மூக்கைத் தரையோட வச்சு ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப மோக்கும், நடை சின்னதாகும், வால் அடில லேசா தூக்கும், முதுகு வளையும். அப்போ மூச்சு கூட சத்தமா விடாதீங்க. முழுசா முடிச்சு அது நிமிர்ற அந்த செகண்ட்ல "சூப்பர்"னு சொல்லி ட்ரீட்டை வாய்ல குடுங்க, அங்கேயே, அந்த இடத்துலயே. அதுக்கப்புறம் லீஷைக் கழட்டி ஒரு 5 நிமிஷம் விளையாட விடுங்க. போன உடனே உள்ள இழுத்துட்டு வந்தீங்கன்னா, போனா ஜாலி முடிஞ்சுதுன்னு கத்துக்கிட்டு அடுத்த தடவை வேணும்னே இழுத்தடிக்கும்.

5 நிமிஷம் நின்னும் போகலையா, கோவிச்சுக்காம உள்ள கூட்டிட்டு வந்து, கண்ணு முன்னாடியே லீஷ்லயோ கூண்டுலயோ வச்சிருந்து, 10, 15 நிமிஷம் கழிச்சு திரும்ப அதே இடம்.

எப்பெப்போ கூட்டிட்டுப் போகணும்? நாள் பூரா இதே வேலையா?

முதல் சில வாரம் கிட்டத்தட்ட அப்படித் தான். தூங்கி எழுந்த உடனே, குட்டித் தூக்கமா இருந்தாலும். சாப்பிட்டு 5லேர்ந்து 30 நிமிஷத்துக்குள்ள, வயித்துக்குள்ள சாப்பாடு இறங்கினதும் குடல் அசைய ஆரம்பிக்கறது இயற்கை, குட்டிங்களுக்கு அது ரொம்ப வேகம். தண்ணி நிறைய குடிச்சு 10, 15 நிமிஷம் கழிச்சு. விளையாடி முடிச்ச உடனே, விளையாட்டு நடுவுல திடீர்னு ஓரமா மோந்துக்கிட்டே போனாலும். ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி. இது போக முழிச்சிருக்கறப்போ குட்டிக்கு ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை.

சாப்பாட்டு நேரத்தை ஒழுங்கு பண்ணிட்டா இதுல பாதி சுலபம். தட்டுல எப்பவும் சாப்பாடு கிடந்தா எப்போ வரும்னு சொல்லவே முடியாது. நேரத்துக்கு வச்சு, 15, 20 நிமிஷத்துல தட்டை எடுத்துடுங்க. தண்ணியை மட்டும் பகல்ல எப்பவும் எடுக்காதீங்க. உச்சா போகுதேன்னு தண்ணியைக் குறைக்கறது குட்டிக்குப் பெரிய கெடுதல்.

வார்த்தை ஏதாவது சொல்லிப் பழக்கணுமா?

பழக்கினா ரொம்ப உதவும், முக்கியமா வெளியூர் போறப்போ. ஒரு சின்ன வார்த்தை, வீட்டுல எல்லாரும் அதே வார்த்தை. ஆனா அங்க போய் நின்னதும் மந்திரம் மாதிரி சொல்லிக்கிட்டே இருக்காதீங்க, அந்த வார்த்தைக்கு மதிப்பே போயிடும். முதல்ல அது போக ஆரம்பிக்கறப்போ ஒரே ஒரு தடவை மெதுவா சொல்லுங்க. ரெண்டு மூணு வாரம் கழிச்சு, முதுகு வளையறதுக்கு முன்னாடியே சொல்லிப் பாருங்க, கேட்ட உடனே உக்காரும்.

நான் ட்ரீட்டைக் கதவுகிட்ட வந்ததும் தான் குடுக்கறேன், போதாதா?

போதாது. எதுக்குக் குடுக்கறீங்கன்னு நாய்க்குப் புரிய ஒண்ணு ரெண்டு செகண்ட் தான் டைம். கதவுகிட்ட குடுத்தா, கதவுக்கு ஓடி வந்ததுக்குக் குடுத்தாங்கன்னு தான் அது எடுத்துக்கும். அதனால தான் சில நாய் இடத்துக்குப் போய் நின்னுட்டு எதுவும் பண்ணாமலே திரும்பி ஓடி வந்து வாயைப் பாக்குது.

சீக்கிரம் குடுத்தாலும் தப்பு. நாய் பாதி உச்சா போயிட்டு இருக்கறப்போ பாக்கெட்டுக்குள்ள கவர் சரசரன்னு சத்தம் கேக்கும், உடனே நிறுத்திட்டு காதைத் தூக்கி உங்களைப் பாக்கும், ட்ரீட் வாங்கிக்கும், உள்ள வந்து மிச்சத்தை ஹால்ல போகும். கடைசி சொட்டு வரைக்கும் காத்திருங்க. ட்ரீட்டைக் கவர்ல வச்சுக்காம முன்னாடியே கைக்குள்ள மூடி வச்சுக்கோங்க.

கதவைத் திறந்து விட்டா அதுவா போய்ட்டு வந்துடாதா? எல்லார் வீட்லயும் அப்படித் தானே.

போகும், எங்க வேணா போகும். நீங்க உள்ள நின்னுக்கிட்டு, அது செடிகிட்ட போச்சா, வழில போச்சா, போகவே இல்லாம அணிலைத் துரத்திட்டு வந்துச்சான்னு எதுவும் தெரியாது. தெரியாததுக்குப் பாராட்டவும் முடியாது. ஒரே இடம் வேணும்னா நீங்க கூட நிக்கணும், இதுக்குக் குறுக்கு வழி எதுவும் இல்ல.

எத்தனை நாள் தான் லீஷ் பிடிச்சுட்டு நிக்கறது?

நாள் கணக்கை விட நாயைப் பாருங்க. லீஷ் லூசா இருக்கறப்போவே அது உங்களுக்கு முன்னாடி அந்த இடத்துக்கு நடக்குதா? அப்போ அடுத்த படிக்குப் போகலாம். முதல்ல நீளமான லீஷ், அப்புறம் லீஷை மாட்டி கைல பிடிக்காம தரைல இழுபட விட்டு கூட நடக்கறது, அப்புறம் லீஷ் இல்லாம பக்கத்துல, அப்புறம் பாதி வழில நீங்க நின்னுக்கறது, கடைசில கதவுகிட்ட நின்னு பாக்கறது. ஒவ்வொரு படியும் கிட்டத்தட்ட ஒரு வாரம் வச்சுக்கோங்க. இடைல ரெண்டு தடவை வேற இடத்துல போச்சுன்னா ஒரு படி பின்னாடி வாங்க, தப்பே இல்ல.

ட்ரீட்டையும் இதே மாதிரி தான், திடீர்னு நிறுத்தாதீங்க. நல்லா பழகினதும் சில தடவை ட்ரீட், சில தடவை பாராட்டு மட்டும்னு மாத்திக்கலாம். பாராட்டை மட்டும் எப்பவும் விடாதீங்க.

தப்பான இடத்துல போயிடுச்சு. அடிக்கலாமா? மூக்கை அதுல தேய்ச்சா புரியும்னு சொல்றாங்களே?

வேண்டாம், ரெண்டுமே வேண்டாம். போய் முடிச்சு கொஞ்ச நேரம் ஆகிடுச்சுன்னா எதுக்கு அடி விழுதுன்னே அதுக்குத் தெரியாது. காதை மடக்கி வாலை உள்ள விட்டுக்கறதைப் பாத்து "தப்பு பண்ணினது அதுக்கே தெரியுது"ன்னு நாம நினைச்சுக்கறோம். அது உங்க முகத்தையும் குரலையும் பாத்து வர்ற பயம்.

அடி வாங்கின நாய் ஒண்ணே ஒண்ணு கத்துக்கும், மனுஷங்க கண்ணு முன்னாடி போகக் கூடாதுன்னு. அப்புறம் சோபா பின்னாடி போய் ஒளிஞ்சு போகும், நீங்க லீஷ் பிடிச்சுக் கூட நின்னா எவ்வளவு முட்டினாலும் அடக்கிக்கும். நம்ம முறையே கூட நிக்கறது தான், அதையே இது கெடுத்துடும். போயிட்டு இருக்கறப்போவே பாத்தீங்கன்னா லேசா கை தட்டி கவனத்தைத் திருப்பி, தூக்கிட்டு நேரா இடத்துக்குப் போங்க. மிச்சத்தை அங்க போச்சுன்னா வழக்கம் போல ட்ரீட். முடிஞ்ச பிறகு பாத்தா பேசாம சுத்தம் பண்ணிட்டு, எந்த நேரத்துல கூட்டிட்டுப் போக விட்டோம்னு யோசிங்க.

உள்ள போன இடத்தை எதால துடைக்கணும்? பினாயில் போட்டும் திரும்ப அங்கயே போகுது.

நம்ம மூக்குக்கு வாசனை போயிடும், அதோட மூக்குக்குப் போகாது. மூத்திரக் கறைக்குன்னே என்சைம் கிளீனர் கிடைக்கும், அது வாசனைக்குக் காரணமான பொருளையே உடைச்சிடும், ஊத்தி சொல்லியிருக்கற நேரம் அப்படியே ஊற விடணும், உடனே துடைச்சா பிரயோஜனம் இல்ல. இல்லேன்னா வினிகரும் தண்ணியும் சரிபாதி கலந்து துடைக்கலாம், ஓரளவு கேக்கும். அமோனியா கலந்த கிளீனர் கூடவே கூடாது, மூத்திரத்துலயும் அமோனியா தான், "இங்க வா"ன்னு கூப்பிடற மாதிரி. பிளீச்சை நேரா மூத்திரம் மேல ஊத்தாதீங்க, ரெண்டும் சேந்தா மூச்சுக்கு ஆகாத வாயு வரும். பினாயில் மாதிரி ஐட்டம் நாய் நக்கினா அதுக்கு ஆபத்து.

கிளீனர் ஊத்தறதுக்கு முன்னாடி மூத்திரத்தை ஒத்தி எடுத்த டிஷ்யூவைத் தூக்கிப் போடாம தோட்டத்துல நீங்க ஒதுக்கின இடத்துல கொண்டு போய் வைங்க. ஒரு தடவை போன ஆயையும் அங்க கொஞ்சம் விட்டு வைக்கலாம். நாயை ஒரு இடத்துக்கு வாசனையால இழுக்கறதுக்குன்னு அட்ராக்டன்ட் ஸ்ப்ரேன்னு விக்கறதை விட அதோட சொந்த வாசனை நல்லா வேலை செய்யும்.

வெளில அரை மணி நேரம் நின்னாலும் போகாது, உள்ள வந்த உடனே போகுது! வேணும்னே பண்ணுதா?

வேணும்னே இல்லவே இல்ல. வெளில பறவை, சத்தம், வாசனைன்னு ஆயிரம் இருக்கு, அதுக்குக் கவனமே அங்க நிக்கல. உள்ள வந்து அமைதியானதும் தான் முட்டறதே தெரியுது. அதனால அரை மணி நேரம் நிக்காதீங்க, 5 நிமிஷம் போதும், அப்புறம் முதல் நாள் கேள்வில சொன்ன மாதிரி லீஷ்ல வச்சிருந்து திரும்ப. உள்ள வந்ததும் சுதந்திரமா விட்டீங்க பாருங்க, அந்த 10 நிமிஷத்துல தான் எல்லாம் நடக்குது.

எங்க நாய் வாக்கிங் போனா தான் போகும், தோட்டத்துல மூச்சு விடாது.

இது நல்ல நாய்க்கு வர்ற பிரச்சினை, தன் வீட்டு எல்லையைச் சுத்தமா வச்சுக்கறேன்னு நினைக்குது. காலைல எழுந்த உடனே நல்லா முட்டிட்டு இருக்கற நேரம், அப்போ வாக்கிங் கிளம்பாம லீஷோட நேரா அந்த இடத்துல போய் 5 நிமிஷம் நில்லுங்க. போகலேன்னா உள்ள வாங்க, 10 நிமிஷம் கழிச்சு திரும்ப. போன அடுத்த செகண்ட் கேட்டைத் திறந்து வாக்கிங் கூட்டிட்டுப் போங்க. அதுக்கு வாக்கிங்கை விட பெரிய ட்ரீட் இல்ல. லீவு நாள்ல ஆரம்பிங்க, முதல் நாள் ரொம்ப நேரம் அடக்கும். ரொம்பத் தவிச்சா அன்னிக்கு விட்டுக் குடுத்துட்டு மறுநாள் பாருங்க. வாக்கிங்ல போனதை ஒரு டிஷ்யூல ஒத்தி எடுத்துட்டு வந்து இடத்துல போட்டா இன்னும் சீக்கிரம் பழகும்.

5 வருஷமா தோட்டம் பூரா போன நாய், இனிமே மாறுமா?

மாறும். கன்ட்ரோல் ஏற்கனவே இருக்கறதால ஒரு வகைல குட்டியை விட சுலபம், பழைய பழக்கம் தான் தடை. ஒரு மாசம் அது தோட்டத்துல தனியா சுத்தவே கூடாது, போறதெல்லாம் லீஷ்ல அந்த இடத்துக்குத் தான், போன பிறகு தான் தோட்டத்துல விடறது. பழைய இடங்களை நல்லா தண்ணி அடிச்சுக் கழுவி, அதுல ஆயெல்லாம் பொறுக்கிடுங்க. அதுக்கு ரொம்பப் பிடிச்ச மூலை ஒண்ணு இருக்கும், அது உங்களுக்கும் ஒத்து வரும்னா அதையே இடமா வச்சுடுங்களேன், சண்டையே இல்ல.

ஆண் நாய். இடத்துல ஒழுங்கா போகுது, ஆனா அப்புறம் எல்லாச் செடிக்கும் காலைத் தூக்குது.

அது ஒண்ணுக்கு வந்து போறது இல்ல, "நான் இங்க இருக்கேன்"னு எழுதி வைக்கறது. 6 மாசத்துலேர்ந்து ஒரு வயசுக்குள்ள இது ஆரம்பிக்கும். காலைத் தூக்க நிமிர்ந்து நிக்கற ஏதாவது வேணும், அதனால இடத்து நடுவுல ஒரு மரக்கட்டையை நட்டு வைங்க, அதுலயே எழுதட்டும். முழுசா முடிக்க நேரம் குடுங்க, ஆண் நாய் ஒரே தடவைல பையைக் காலி பண்ணாது, மிச்சம் வச்சுக்கும். கருத்தடை பண்ணினா நிறைய நாய்ங்களுக்கு இது நல்லா குறையும், எல்லாத்துக்கும் சுத்தமா நிக்காது, பல வருஷப் பழக்கமா இருந்தா கொஞ்சம் ஒட்டிக்கிட்டே இருக்கும்.

இடத்துல தான் நிக்குது, ஆனா பின்பக்கம் வெளில! எல்லாம் புல்லுல விழுது.

பாவம், அது சரியா தான் பண்ணுது. முன்னங்கால் ரெண்டும் மணல்ல இருக்கு, மூக்கு மணல்ல இருக்கு, அதோட கணக்குல அது இடத்துக்குள்ள தான் இருக்கு. லீஷைப் பிடிச்சுட்டு நீங்க ஓரத்துல நிக்காம அந்தக் கடைசி வரைக்கும் நடங்க, அதுவும் முழுசா உள்ள வரும். ட்ரீட்டை நாலு காலும் உள்ள இருந்தா மட்டும் குடுங்க. அப்படியும் சரி வரலேன்னா இடம் சின்னது, 2 அடி பெருசு பண்ணுங்க.

மழை பேஞ்சா வெளிலயே வர மாட்டேங்குது.

நிறைய நாய்க்கு வயித்துல ஈரம் படறது பிடிக்காது. இடத்துக்கு மேல ஒரு சின்ன கூரை போட முடிஞ்சா அதுல பாதி சரியாகிடும். இல்லேன்னா பெரிய குடை, அதையும் வெயில் நாள்லயே விரிச்சுக் காட்டிப் பழக்கிடுங்க, மழைல முதல் தடவை பட்டுனு விரிச்சா பயந்துடும். மழை நாள்ல மட்டும் வழக்கத்தை விட நல்ல ட்ரீட், முடிச்ச உடனே உள்ள வந்துடலாம், விளையாட்டெல்லாம் வேண்டாம். நீங்க வாசல்ல நின்னுக்கிட்டு அதை மட்டும் மழைல தள்ளாதீங்க.

புல் வட்டம் வட்டமா கருகுது. பெண் நாய்னா அமிலம் அதிகமா?

இல்ல. மூத்திரத்துல இருக்கற யூரியா, அதாவது நைட்ரஜன் தான் காரணம், உரத்தை ஒரே இடத்துல கொட்டினா என்ன ஆகுமோ அதே தான். வட்டத்தோட ஓரத்துல மட்டும் புல் கரும்பச்சையா செழிப்பா இருக்கும், பாத்திருப்பீங்க, அங்க அளவு கம்மியா விழுந்திருக்கு. பெண் நாய் உக்காந்து மொத்தத்தையும் ஒரே இடத்துல விடும், அதனால அதிகமா கருகும், அவ்வளவு தான். போன உடனே ஒரு வாளித் தண்ணி ஊத்திட்டா கருகாது. மூத்திரத்தை மாத்தறேன்னு சாப்பாட்டுல எதையாவது கலக்கறதை டாக்டரைக் கேக்காம பண்ணாதீங்க, புல்லுக்காக நாயோட கிட்னியைத் தொட வேண்டாம்.

ஒரே இடத்துல போனா நாறாதா? எப்படி சுத்தமா வச்சுக்கறது?

ஆயை தினமும் எடுங்க, முடிஞ்சா போன உடனே. இது நாத்தத்துக்கு மட்டும் இல்ல. ஆயோட வர்ற உருண்டைப்புழு முட்டை மண்ணுல 2லேர்ந்து 4 வாரத்துல தொத்தற நிலைமைக்கு வரும், வந்துட்டா வருஷக்கணக்கா மண்ணுலயே இருக்கும், குழந்தைங்க கைல பட்டு வாய்க்குள்ள போச்சுன்னா கண்ணு வரைக்கும் பாதிக்கலாம். கொக்கிப்புழு இன்னும் வேகம், ஒரு வாரத்துக்குள்ளயே வெறுங்கால் வழியா தோலுக்குள்ள போகும். தினமும் எடுத்தா ரெண்டுக்கும் நேரமே கிடைக்காது. நாய்க்குப் புழு மருந்து டாக்டர் சொல்ற கணக்குல தவறாம குடுங்க. அந்த மண்ணையோ ஆயையோ காய்கறிக்கு உரமா போடாதீங்க, அதனால தான் மேலயே பாத்தி பக்கத்துல வேண்டாம்னேன்.

எலிக்காய்ச்சல்ங்கற லெப்டோஸ்பைரோசிஸ் மூத்திரம் வழியா பரவும், தேங்கின தண்ணில ரொம்ப நாள் உயிரோட இருக்கும், தண்ணி தேங்கக் கூடாதுன்னதுக்கு அது தான் காரணம். அதுக்கான தடுப்பூசியை வருஷா வருஷம் போடுங்க. மத்தபடி ரெண்டு நாளைக்கு ஒரு தடவை தண்ணி அடிச்சு விடுங்க, மணல்னா மேல்மண்ணை அப்பப்போ மாத்துங்க. சுட்ட சுண்ணாம்பு தூவாதீங்க, பாதம் வெந்துடும். ஒரேயடியா வாசனையே இல்லாம கழுவியும் விடாதீங்க, லேசா இருந்தா தான் அதுக்கு அடையாளம். ஆனா அழுக்கா இருந்தா நாயே வராது, அதுக்கும் கால் வைக்க இடம் வேணும்ல.

ரெண்டு நாய் இருக்கு. ஒண்ணு போனா இன்னொண்ணு அது மேலயே போகுது.

போகட்டும், நல்லது தான், ரெண்டும் ஒரே இடத்துல இருக்கே. பழக்கறதை மட்டும் தனித்தனியா பண்ணுங்க, ரெண்டும் சேந்து வந்தா விளையாட்டு தான் நடக்கும். பழகின நாயைப் பாத்து புதுசு சீக்கிரம் கத்துக்கும். ஒண்ணு இன்னொண்ணை அந்தப் பக்கமே விடாம மிரட்டினா ரெண்டாவது இடம் ஒண்ணு ஒதுக்கிடுங்க.

போன உடனே அதையே தின்னுடுது, அருவருப்பா இருக்கு.

குட்டிங்க நிறைய பண்ணும், பெரும்பாலும் வளர்ந்ததும் விட்டுடும். லீஷ்ல இருக்கறதால ட்ரீட் காட்டி இந்தப் பக்கம் இழுத்துட்டு உடனே அள்ளிடுங்க. கத்திக்கிட்டே ஓடினீங்கன்னா போட்டிக்கு இன்னும் வேகமா முழுங்கும். வளர்ந்த நாய் திடீர்னு ஆரம்பிச்சா டாக்டர்கிட்ட காட்டுங்க.

போறதுக்கு முன்னாடி ஏன் அவ்வளவு சுத்து? முடிச்சதும் மண்ணை வாரி அடிக்குது.

சுத்தறது இடம் பத்திரமா இருக்கான்னு பாத்து தரையைச் சரி பண்றதுக்குன்னு பொதுவா சொல்வாங்க. 2013ல செக், ஜெர்மன் ஆராய்ச்சியாளர்கள் 70 நாய்ங்களை 2 வருஷம் கவனிச்சு, பூமியோட காந்தப்புலம் அமைதியா இருக்கறப்போ நாய்ங்க வடக்கு தெற்கா நின்னு போறதை விரும்புதுன்னு எழுதினாங்க, எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இது. மண்ணை வாரறது மூடறதுக்கு இல்ல, பாதத்துல சுரப்பி இருக்கு, அந்த வாசனையையும் அங்க பதிக்குது. தடுக்காதீங்க, அதுவும் உங்க இடத்துக்கு அடையாளம் தான்.

நல்லா பழகின நாய் திடீர்னு கண்ட இடத்துல போகுது. மறந்துடுச்சா?

மறக்கல, முதல்ல உடம்பைப் பாருங்க. அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமா போறது, ரத்தம், முனகல் இருந்தா மூத்திரப்பைல தொற்றோ கல்லோ இருக்கலாம். நிறைய தண்ணி குடிச்சு நிறைய போனா சர்க்கரை, கிட்னி மாதிரி பெரிய காரணங்கள் இருக்கலாம். கருத்தடை பண்ணின பெண் நாய் தூக்கத்துல நனைச்சா அது கசிவு, மருந்துக்கு நல்லா கேக்கும். வயசான நாய்க்கு மூட்டு வலி இருந்தா அந்த இடம் வரைக்கும் நடக்கவே முடியாம இருக்கும், கதவுக்குப் பக்கத்துல ஒரு இடம் குடுங்க, படி இருந்தா சாய்தளம் போடுங்க. உங்களைப் பாத்த சந்தோஷத்துலயோ பயத்துலயோ சொட்டுச் சொட்டா விடறது பழக்கக் குறையே இல்ல, குனிஞ்சு மேல விழாம அமைதியா பேசினா குறையும்.

ஒண்ணு மட்டும் தள்ளிப் போடாதீங்க. ஆண் நாய் காலைத் தூக்கி முக்கி முக்கி நின்னும் சொட்டு கூட வரலேன்னா அடைப்பு, அன்னிக்கே, ராத்திரியா இருந்தாலும், டாக்டர்கிட்ட ஓடுங்க.

இடத்தை மாத்த வேண்டியிருக்கு, அங்க ஒரு ரூம் கட்டப் போறோம். திரும்ப முதல்லேர்ந்தா?

வேலை ஆரம்பிக்க ஒரு மாசம் முன்னாடியே தெரிஞ்சா ரொம்ப சுலபம். பழைய இடத்து மண்ணுல ரெண்டு வாளி எடுத்துப் புது இடத்துல கொட்டுங்க, அதே தரை, அதே வாசனை. கிட்டக்க தான்னா ரெண்டு நாளைக்கு ஒரு தடவை ரெண்டடி ரெண்டடியா நகத்திக்கிட்டே போகலாம். தூரமா இருந்தா லீஷ் எடுத்துட்டு முதல் நாள் மாதிரி கூட நடங்க, வார்த்தை ஏற்கனவே தெரியும், அதனால சீக்கிரம் பிடிச்சுக்கும். பழைய இடத்துக்கு வழியை அன்னிக்கே ஏதாவது வச்சு அடைச்சிடுங்க. வீடே மாறினாலும் இதே தான், ஒரு பையில அந்த மண்ணைக் கட்டி எடுத்துட்டுப் போங்க, புது வீட்டுக்குள்ள நாய் கால் வைக்கறதுக்கு முன்னாடி அதைத் தோட்டத்துல கொட்டி நேரா அங்க கூட்டிட்டுப் போங்க.